மனிதப் புரதம், மனிதருக்கு அல்ல

பெங்களூரில் தங்கை வேலை செய்யும் ஆய்வகத்துக்குப் போயிருந்தபோது, ஃப்ரீசரைத் திறந்து சின்னக் குப்பி ஒன்றைக் காட்டினாள். உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. "அடியில இருக்குண்ணா, பத்து மைக்ரோகிராம்." லேபிளில் 'மனித எரித்ரோபொயட்டின்' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழேயே, ஆய்வுக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக் கூடாது.

கோவையில் அப்பாவின் டயாலிசிஸ் பில்லில் வாராவாரம் பார்க்கிற பெயர். சிறுநீரகம் இந்தப் புரதத்தைச் சுரந்துதான் எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு செய்ய வைக்கிறது. சிறுநீரகம் படுத்தால் ரத்தமும் படுத்துவிடும். அந்த மாதம் அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 7.8.

"இதையே அப்பாவுக்குப் போட முடியாதா?" பாதி விளையாட்டாகத்தான் கேட்டேன். மீதிப் பாதி அந்த பில்.

1977இல் கோல்ட்வாசர் குழு இதைத் தனியே பிரித்தெடுக்க, ஜப்பானில் ரத்தசோகை நோயாளிகளிடம் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீர் தேவைப்பட்டது. கிடைத்தது சில மில்லிகிராம். பிறகு இதற்கான மனித மரபணுவைச் சீன வெள்ளெலியின் சூலகச் செல்லுக்குள் வைத்தார்கள். புரதத்தின் மேல் சரியான சர்க்கரைச் சங்கிலிகளைக் கோக்க பாக்டீரியாவுக்குத் தெரியாது. 1989இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. தங்கையின் குப்பியும் வெள்ளெலிச் செல்லில் வந்ததுதான். கோடு ஒண்ணு, ஓடுற மெஷினும் ஒண்ணு, அப்புறம் என்ன வித்தியாசம் என்றது என் தொழில் புத்தி.

"கெடாம இருக்க இதுல மாட்டு அல்புமின் கலந்திருக்கு. ஊசி மருந்துக்குப் பண்ற சோதனை எதுவும் இதுக்குப் பண்ணல. மைக்ரோகிராம் கணக்குல பாத்தா விலையும் இதுதான் ஜாஸ்தி," என்றாள். "செல் செத்தா நான் வேற தட்டு எடுத்துக்குவேன். அப்பாவுக்கு?"

அன்றிரவு தேடிப் படித்தேன். 1998இல் ஐரோப்பாவில் விற்ற ஓர் எரித்ரோபொயட்டின் ஊசியில், அல்புமினை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில், அதைப் போட்டுக்கொண்ட சிலரின் உடல் ஊசிப் புரதத்தோடு தன் சொந்த எரித்ரோபொயட்டினையும் எதிரியாக நினைத்து முடக்கியது. சிவப்பணு உற்பத்தியே நின்றுபோனது. புரதம் அதேதான். சந்தேகம் விழுந்தது கூட இருந்தவற்றின் மேல், குப்பியின் ரப்பர் மூடி வரைக்கும். லேபிளில் இருந்ததை வக்கீல் வாசகம் என்று நினைத்திருந்தேனே!

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிகிற நேரத்தில் நர்ஸ் ஊசியோடு வந்தார். முதல்முறையாக விலையைப் பார்க்காமல் மூடியைப் பார்த்தேன்.

"இதை எதுலருந்துப்பா பண்றாங்க?" என்றார் அப்பா.

"வெள்ளெலி செல்லுல."

"பிள்ளையார் வாகனமா? சரி, போடச் சொல்லு," என்று கையை நீட்டினார்.