களத்தின் ஓரத்தே நிற்பவர்

தமிழ் ஆனர்ஸ் பயிலும் மாணவனைக் காண்போர் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: "படித்து முடித்தபின் என்ன செய்யப் போகிறாய்?" ஆசிரியனாவேன் என்று விடையிறுத்தால், "வேறொன்றுக்கும் வழியில்லையோ?" என இரங்குவர். ஆசிரியத் தொழில் அத்துணை எளியதோ என்று ஆராயப் புகுந்த எனக்குச் சான்றாகக் கிடைத்தவர் புலவரல்லர். பிரெஞ்சு நாட்டுக் கூடைப்பந்துப் பயிற்றாசிரியர் வென்சான் கோலே என்பார்.

இவர் 1963-ஆம் ஆண்டு பிரான்சின் வடகடற்கரையில், லெ ஆவ்ர் துறைமுகத்தை அடுத்த சென்ட் அத்ரெஸ் என்னும் ஊரிற் பிறந்தார். லெ மான் கழகத்தில் ஆட்டக்காரராய் விளங்கினார். பின்னர் 2000-ஆம் ஆண்டில் அக்கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியராகி, 2006-இல் அதனை நாட்டின் முதன்மைக் கழகமாக்கினார். 2009-இல் வில்லூர்பான் கழகத்திற்கும் அப்பெருமையைத் தேடித் தந்தார். அவ்வாண்டே தேசிய அணியின் பொறுப்பும் இவரை வந்தடைந்தது.

ஆட்டக்காரன் தன் பிழையைத் தன் கையாலேயே திருத்திக் கொள்ளலாம். பயிற்றாசிரியனோ களத்தின் ஓரத்தில் நிற்பவன். பந்தைத் தொட அவனுக்கு உரிமையில்லை. தான் அறிந்ததைப் பிறர் கை செய்யும்வரை அவன் காத்திருத்தல் வேண்டும்.

அக்காத்திருப்பு நெடியது. ஐரோப்பியப் போட்டியின் இறுதியாட்டத்தில் 2011-இல் பிரான்சு ஸ்பெயினிடம் தோற்றது. 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் அவ்வணியே 66-59 என வென்று பிரான்சின் வழியை அடைத்தது. 2013-இல் அரையிறுதியில் மீண்டும் அதே ஸ்பெயின்! முற்பாதி முடிவில் பிரான்சு 20-34 எனப் பின்தங்கியது. ஆயினும் பிற்பாதியில் எழுந்து, கூடுதல் நேரத்தில் 75-72 என வென்றது. இறுதியில் லித்துவேனியாவை 80-66 என வீழ்த்தி, ஐரோப்பியப் பட்டத்தை முதன்முறையாகப் பெற்றது.

இதனோடு கதை இனிதே முடிந்ததென்று எண்ணற்க. இவர் பயிற்றிய ஸ்திராஸ்பூர் கழகம் 2013 முதல் 2016 வரை நான்காண்டும் தொடர்ந்து நாட்டுப் பட்டத்தின் இறுதிச் சுற்றில் தோற்றது. 2021-இல் நிகழ்ந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்தில் பிரான்சு அமெரிக்காவிடம் 82-87 எனத் தோற்றது. 2023 உலகப் போட்டியில் முதற்சுற்றிலேயே வெளியேறியது. ஏச்சுக்குக் குறைவுண்டோ? எனினும், மறு ஆண்டே பாரிஸ் ஒலிம்பிக்கில் அவ்வணி இறுதிவரை சென்று, அமெரிக்காவிடம் 87-98 எனத் தோற்று, வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதன்பின் இவர் தேசிய அணிப் பொறுப்பினின்றும் விலகினார்.

"இறுதியில் தோற்பவர்" என்று இவரை இகழ்வாருளர். அன்னோர்க்கு நான் கூறும் விடை ஒன்றே. 2022-23-ஆம் பருவத்தில் லவல்லுவாக் கழகத்தில் இவரிடம் பயின்றான் ஓர் இளைஞன். பெயர் விக்டர் வெம்பன்யாமா. அப்பருவத்தின் நடுவே அவனுக்கு வயது பத்தொன்பது நிரம்பிற்று. இன்று எனக்கும் அதுவே வயது. 2023 சூன் திங்களில் கழகம் மொனாக்கோவிடம் இறுதிச் சுற்றில் ஓராட்டமும் வெல்லாது தோற்றது. அதே திங்களில் அமெரிக்கப் பெருங்கழகங்கள் புதிய வீரரைத் தெரிந்தெடுக்கையில், அம்மாணவனே முதல்வனாய்க் கொள்ளப்பட்டான். ஆசிரியர்க்குப் பட்டம் கிட்டவில்லை. மாணாக்கனோ உலகறிய உயர்ந்தான். இதனைத் தோல்வி என்பதோ?

நன்னூலார் நல்லாசிரியனை நிலத்திற்கு ஒப்பிட்டார். நிலம் பொறுப்பது, உழுவோன் முயற்சிக்கும் பருவத்திற்கும் ஏற்ப விளைவு தருவது. விளைந்த நெல்லைப் புகழ்வார் நிலத்தின் பெயரைக் கேட்பதில்லை. அதற்காக நிலம் விளையாதிருப்பதுமில்லை.

ஆகலின், என் பொருட்டு இரங்கும் உறவினர்க்கு இப்பொழுது அஞ்சாது விடை கூறுகின்றேன்: நான் ஆசிரியனாகவே விழைகின்றேன். அத்தொழில் எளிதென்று கருதியன்று, அரிதென்று அறிந்தே.