மணலில் குடியிருக்கும் அனுமன்

எங்கள் நாட்றாம்பாளையத்தில் கடல் கிடையாது. யானை உண்டு, ராகி உண்டு, ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பையன்கள் உண்டு. கடலோடு எங்களுக்கு ஒரே சம்பந்தம், பக்கத்தில் ஓடும் காவிரி கடைசியில் அங்கே போய் விழுகிறது என்பதுதான். அப்படிப்பட்ட ஊர்க்காரன், ஒகேனக்கல், பென்னாகரம், தர்மபுரி, சேலம், மதுரை என்று பஸ் மாறி மாறி, மே மாத வெயிலில் தனுஷ்கோடிக்குப் போனது சாமி கும்பிட அல்ல. ஒரு குருவியைப் பார்க்க.

காரணம், எங்கள் சித்தப்பா. அவர் நிலத்தில் ஆள்காட்டி வெறும் தரையில் முட்டை வைக்கும். கூடு, குச்சி, பஞ்சு எதுவும் கிடையாது. உழ வரும் டிராக்டரை நிறுத்தி, "அந்த மூலைய விட்டுட்டு ஓட்டுப்பா. குஞ்சு பொரிச்சதும் பாத்துக்கலாம்" என்பார். அந்த ஆள்காட்டிக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று கடற்கரை மணலில் இதே மாதிரி குடித்தனம் நடத்துகிறது, அதன் பெயர் அனுமன் உப்புக்கொத்தி என்று படித்தபோது, பார்த்தே தீருவது என்று கிளம்பிவிட்டேன்.

பெயரைக் கேட்டு மலையைத் தூக்கும் உருவத்தைக் கற்பனை செய்யாதீர்கள். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மேலே மணல் நிறம், கீழே வெள்ளை, சின்னக் கறுப்பு மூக்கு. ராமர் பாலம் என்று நாம் சொல்லும் மணல் திட்டுகளின் பக்கம் வாழ்வதால், பாலம் கட்டிய சேனையை நினைத்து வைத்த பெயர். தென்னிந்தியக் கடற்கரையும் இலங்கையும்தான் அதற்கு உலகம்.

விஞ்ஞானப் பெயர் இன்னும் சுவாரஸ்யம்: 'சீபோமி'. ஹென்றி சீபோம் என்பவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் எஃகு ஆலை நடத்தியவர். தொழில் இரும்பு, கிறுக்கு பறவை. முட்டையும் பறவையும் தேடி 1870-களில் சைபீரியா வரை போன ஆசாமி. ஓசூர் சிப்காட்டில் லேத் மெஷின் முன்னால் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகக் குருவி பார்க்கிற நண்பர்களே, உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார்! அவர் பெயரை இந்தப் பறவைக்கு 1915-ல் சூட்டினார்கள்.

ஆனால் பெயர் சூட்டியவர்கள் தனி ரேஷன் கார்டு கொடுக்கவில்லை. உலகமெங்கும் பரவிக் கிடக்கும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை என்று அந்தக் குடும்பத்தோடே சேர்த்துவிட்டார்கள். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து கென்டிஷ்காரர்கள் இதே கரைக்குச் சுற்றுலா வருவார்கள், சீசன் முடிந்ததும் போய்விடுவார்கள். அனுமன் எங்கும் போகாது. சொந்த ஊர்க்காரனையும் சீசனுக்கு வந்தவனையும் ஒரே கணக்கில் எழுதினால் ஆடிட்டர் விடுவாரா? (நான் பி.காம். என்பதை எங்கேயாவது நுழைக்க வேண்டுமே.) கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் சீன, பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்களும் மரபணுவை அலசி, இறக்கை நீளத்தையெல்லாம் அளந்து, 2023-ல் 'ஐபிஸ்' இதழில் தீர்ப்பு எழுதினார்கள். இது தனி இனம். கென்டிஷ்ஷோடு பாகம் பிரிந்து 10 லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இதன் குடித்தனத்தைக் கேளுங்கள். வீடு கட்டும் செலவு: பூஜ்யம். மணலில் உடம்பை வைத்துத் தேய்த்தால் ஒரு குழி, அதில் இரண்டு மூன்று முட்டை. மணல் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்டு, உடைந்த சிப்பிக்கு நடுவே கிடந்தால் கண்ணாடி போட்டவனுக்கும் தெரியாது. அதுதான் பாதுகாப்பு, அதுதான் ஆபத்தும். காக்காயிடமிருந்து தப்பிக்கிற முட்டை, கார் டயரிடமிருந்து தப்பிக்காது.

கென்டிஷ் குடும்பத்தில் அடைகாப்பது ஷிப்ட் முறையில். பெரும்பாலும் பகல் ஷிப்ட் அம்மா, இரவு ஷிப்ட் அப்பா. வெயில் தாங்காவிட்டால் ஓடிப்போய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும். சிக்கன ஏர்கூலர்! குஞ்சு பொரிந்த சில மணி நேரத்தில் ஓட ஆரம்பித்துவிடும். சில அம்மாக்கள் அதற்கப்புறம் குஞ்சுகளை அப்பா தலையில் கட்டிவிட்டு வேறு மாப்பிள்ளை பார்த்துப் போய்விடுவதும் உண்டு. (மேல் விவரங்களுக்கு வக்கீலை அணுகவும்.)

தனுஷ்கோடியின் கதை தெரியும். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தது. மனிதன் வாழத் தகுதியில்லை என்று சர்க்காரே சொல்லிவிட்டது. மனிதன் போனதும் மணல் பறவைகளுக்குத் தாராளமாகக் கிடைத்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டார்கள். ஜனங்கள் வந்தார்கள், ஜனங்களோடு பொரித்த மீன், மிச்சத்துக்கு நாய், அதற்கும் மிச்சத்துக்குக் காக்காய். 2025 ஜூனில் இங்கே சுமார் 524 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. ரொம்ப சந்தோஷம். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான, ரோஸ் நிறப் பறவைக்குப் போர்டு கிடைக்கும். நம்ம ஆள் அந்தப் போர்டின் நிழலில் ஒண்டுக்குடித்தனம்.

ரோட்டோரம் மாங்காய் விற்கிற அக்காவிடம் விசாரித்தேன்.

"சின்னதா, குடுகுடுன்னு ஓடி ஓடி நிக்குமே, அதா? வருசம் பூரா இங்கனதான் கெடக்கும் சார். ஏன், புடிக்கப் போறீகளா?"

"பாக்கத்தான்."

"அப்ப உள்ள எறங்காதீக. இங்கன நின்னே பாருங்க."

நின்றேன். வெறும் மணல். சும்மா கிடக்கிற மண் என்று யாரும் சொல்வார்கள். எங்கள் பக்கம் இப்படி ஒரு இடம் கிடந்தால் மறுநாளே 'மனைகள் விற்பனைக்கு' என்று கொடி நட்டிருப்பார்கள். பத்து நிமிஷம் கழித்து மணலில் ஒரு துண்டு நகர்ந்தது. ஓடியது, நின்றது, குனிந்து எதையோ கொத்தியது. மறுபடி ஓட்டம். அப்புறம்தான் இன்னொன்று இருப்பதே தெரிந்தது.

ஒரு செவலை நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது. உடனே ஒரு பறவை ஒற்றை இறக்கையைத் தொங்கவிட்டு, தரையில் இழுத்துக்கொண்டு, விழுந்து எழுந்து... சிவாஜி சார் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். நாய் 'ஆஹா, நொண்டி' என்று பின்னாலேயே போனது. ஐம்பதடி, எழுபதடி. கிட்டத்தில் போனதும் நொண்டி சர்ரென்று பறந்துவிட்டது. நாய் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நாயை நடிப்பால் ஏமாற்றலாம். அந்த நேரம் பார்த்து வந்த பைக்கை என்ன செய்வது? இரண்டு இளைஞர்கள், கூலிங்கிளாஸ் சகிதம், ரோட்டை விட்டு மணலுக்குள் வண்டியை இறக்கினார்கள். பின்னால் இருந்தவர் கையில் வீடியோ எடுக்க செல்போன் தயார்.

அக்கா மாங்காய்க் கத்தியோடு எழுந்துவிட்டார். "ஏய் தம்பி! ரோட்டுல ஓட்டு! அங்கன முட்டை கெடக்கு!"

கத்தியைப் பார்த்தோ என்னவோ, வண்டி நின்றது. இருவரும் இறங்கித் தள்ளிக்கொண்டே ரோட்டுக்கு வந்தார்கள். கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு ஒருவர் மரியாதையாகக் கேட்டார்:

"நாட்டுக்கோழி முட்டையாக்கா? எவ்வளவு?"