கல்லறையிலும் உண்டோ ஏற்றத்தாழ்வு?

கடைசியில் எல்லோருக்கும் ஆறடி நிலம்தான் என்று சொல்வது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தெற்கு ஸ்காட்லாந்தில் டூரிஸ்டியர் என்ற சின்னக் கிராமத்தின் தேவாலயத்தைப் பற்றித் தெரிந்துகொண்டால், அந்த ஆறடியிலும் எத்தனை வித்தியாசம் என்பது புரியும்!

டம்ஃப்ரீஸ் நகருக்கு வடக்கே, லௌதர் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது டூரிஸ்டியர். கொஞ்சம் வீடுகள், ஆடு மேயும் சரிவுகள், அவ்வளவுதான். ஆனால் தேவாலயம் மட்டும் ஊரின் அளவுக்குப் பொருந்தாமல் பெரிதாக நிற்கிறது. காரணம், பக்கத்தில் உள்ள டிரம்லான்ரிக் கோட்டை. அதன் சொந்தக்காரர்களான குவீன்ஸ்பெரி கோமகன்கள் தங்கள் குடும்பக் கல்லறை மண்டபத்தை இந்தத் தேவாலயத்தை ஒட்டியே கட்டிக்கொண்டார்கள்.

மண்டபத்துக்குள் எங்கும் பளிங்கு. நிலவறை வாசலுக்கு மேல், கயிறு முறுக்கியது போன்ற நான்கு தூண்கள் தாங்கும் விதானம். ஒரு பக்கம் இரண்டாம் கோமகன் ஜேம்ஸ் டக்ளசும் அவர் மனைவி மேரியும் வெள்ளைப் பளிங்கில் படுத்திருக்கிறார்கள். மேரி இறந்தது 1709இல், கணவர் 1711இல். சிற்பி ஜான் வான் நாஸ்ட் 1713இல் முடித்த இந்தச் சிலையில், மனைவி அசையாமல் கிடக்க, கணவர் முழங்கையை ஊன்றித் தலையைக் கையில் தாங்கியிருக்கிறார். பார்ப்பவருக்கு அவர் மேல் இரக்கம்கூட வரும்.

யார் இந்த ஜேம்ஸ் டக்ளஸ்? ஸ்காட்லாந்து 1707இல் தன் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு இங்கிலாந்துடன் இணைந்தது அல்லவா? அந்த ஒப்பந்தத்தை எடின்பரோவில் நிறைவேற்றித் தந்த அரசியின் பிரதிநிதி இவர்தான். அப்போது லண்டனிலிருந்து ரகசியமாக 20,000 பவுண்டு வந்தது. அதில் 12,325 பவுண்டு இவருக்கே போனது! சம்பள பாக்கி என்றார்கள் ஒரு சாரார், லஞ்சம் என்றார்கள் மறு சாரார். மறு வருடமே டோவர் கோமகன் என்ற பட்டமும் கிடைத்தது.

இனி வெளியே வருவோம். அதே கல்லறைத் தோட்டத்தில், புல்லுக்கு நடுவே டேனியல் மெக்மைக்கேல் என்பவரின் கல் கிடக்கிறது. இவர் ஒரு கவனன்டர். மன்னர் திருச்சபைக்குத் தலைவராக முடியாது என்று சொன்ன பிரெஸ்பிட்டேரியன் கூட்டத்தைச் சேர்ந்தவர். அரசு கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுப்பவர்களை அந்த இடத்திலேயே சுடலாம் என்றிருந்த காலம் அது. 1685 ஜனவரியில் பக்கத்து டால்வீன் கணவாயில் ராணுவத்தினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த நேரத்தில் ஸ்காட்லாந்தின் தலைமைப் பொருளாளர் யார் தெரியுமா? மண்டபத்தில் உறங்கும் முதலாம் கோமகன். அவர் மகன் ஜேம்ஸோ கவனன்டர்களை வேட்டையாடிய கிளேவர்ஹவுஸின் குதிரைப்படையில் அதிகாரி. டேனியலைக் கொன்றது இவர்கள் கை அல்ல. ஆனால் ஆணையிட்ட அரசில் இவர்களுக்கும் பங்கு இருந்தது. இன்று இரு தரப்புக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர் மட்டுமே.

இன்னொரு கல்லும் இதே தோட்டத்தில் உண்டு. டிரம்லான்ரிக் கோட்டையின் கட்டுமானத் தலைவர் வில்லியம் லூகப், இறந்துபோன தன் பிள்ளைகளுக்காக வைத்தது. கோமகனுக்கு மாளிகை எழுப்பிய மனிதர், தன் குழந்தைகளுக்கு எழுப்ப முடிந்தது ஒரு கல்தான்.

அப்படியென்றால் பணம் ஜெயித்துவிட்டதா? அவசரப்பட்டு முடிவு சொல்லிவிட முடியாது. இங்கிருந்து சில மைல் தூரத்தில் கல்குவாரி வைத்திருந்தவர் ராபர்ட் பேட்டர்சன். பதினெட்டாம் நூற்றாண்டில் குடும்பத்தை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய், தேய்ந்துபோன கவனன்டர் கல்லறை எழுத்துகளைப் பல வருடம் கூலி வாங்காமல் செதுக்கிக்கொண்டிருந்தார் இவர். வால்டர் ஸ்காட் 1816இல் எழுதிய நாவலுக்கு இவருடைய பட்டப்பெயரே தலைப்பானது.

கோமகனின் நினைவைக் காக்கப் பணமும் பளிங்கும் கூரையும் இருந்தன. சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் நினைவைக் காக்க, உளியும் கையுமாக ஒரு கிழவர் மழையில் நடந்தார். டூரிஸ்டியர் போகிறவர்கள் பளிங்கைப் பார்த்து வியக்கட்டும், தப்பில்லை. திரும்பும்போது புல்லுக்கு நடுவே இருக்கும் அந்தக் கல்லையும் ஒரு நிமிடம் குனிந்து படித்துவிட்டு வரட்டும்!