வாய்மையும் இல்லறமும்: ‘காட்டு வாத்து’ குறித்துச் சில எண்ணங்கள்

நியூயோர்க் நகரின் தொழில்முறை அரங்குகளுள் 100 முதல் 499 வரையான இருக்கைகளைக் கொண்டவை ‘ஓவ் புரோட்வே’ அரங்குகள் எனப்படும். அத்தகையதோர் அரங்கிலே, புறூக்ளினிலுள்ள பொலோன்ஸ்கி ஷேக்ஸ்பியர் மையத்திலே, 2025ஆம் ஆண்டு ஹென்றிக் இப்சனின் ‘காட்டு வாத்து’ மீண்டும் மேடையேறியது. நெறியாள்கை சைமன் கொட்வின். 1884இல் நூலாக வெளிவந்து, அடுத்த ஆண்டு நோர்வேயின் பேர்கன் நகரில் முதன்முதலாக நடிக்கப்பெற்ற நாடகம் இது. அச்செய்தி என்னை மீண்டும் நாடகப் பிரதியிடம் அழைத்துச் சென்றது.

‘பொம்மை வீடு’ (1879), ‘மக்களின் பகைவன்’ (1882) ஆகிய நாடகங்களில் உண்மையின் பக்கம் நின்ற இப்சன், இந்நாடகத்திலே உண்மையைச் சொல்பவனையே விசாரணைக்கு உட்படுத்துகிறார். தன்னையே வினவும் இத்துணிவு எல்லா எழுத்தாளர்க்கும் வாய்ப்பதன்று.

கதை எளியது. செல்வர் வேர்லேயின் மகன் கிரெகர்ஸ், தன் நண்பன் யால்மரின் இல்லறம் பொய்யின்மீது எழுந்தது என அறிகிறான். யால்மரின் மனைவி கீனா முன்னர் வேர்லே வீட்டிற் பணிபுரிந்தவள். வேர்லேயுடன் உறவு கொண்டிருந்தவள். பதினான்கு வயது மகள் ஹெட்விக் யாருடைய பிள்ளை என்பதும் ஐயத்துக்குரியதாகிறது. உண்மை வெளிப்பட்டாற் ‘மெய்யான திருமணம்’ மலரும் என நம்பிக் கிரெகர்ஸ் அனைத்தையும் யால்மருக்கு உரைக்கிறான். யால்மர் மகளை வெறுத்தொதுக்குகிறான். தந்தையின் அன்பை மீளப்பெறத் தான் நேசிக்கும் காட்டு வாத்தைப் பலியிடுமாறு கிரெகர்ஸ் சிறுமியைத் தூண்டுகிறான். அவளோ துப்பாக்கியுடன் பரணுட் சென்று தன்னையே சுட்டு மாய்கிறாள்.

இந்நாடகத்தைப் பயிலுந்தோறும் என் கருத்தைக் கவர்பவள் கீனாவே. ‘இலட்சியம்’ என்னுஞ் சொல் அவள் வாயில் இயல்பாக வருவதில்லை. ஆயினும், நிழற்படத் தொழிலை உண்மையில் நடத்துபவள் அவள்; ஓர் அறையை வாடகைக்கு விட்டு வருவாய் தேடுபவள் அவள்; வெண்ணெய்ச் செலவைக்கூடக் கணக்கிட்டுக் குடும்பத்தைக் காப்பவளும் அவளே. முன்னரே ஏன் கூறவில்லை எனக் கணவன் வினவும்போது, கூறியிருந்தால் நீர் என்னை மணந்திருப்பீரா என்ற பொருள்பட எதிர்வினா எழுப்புகிறாள். பதினைந்து ஆண்டு உழைப்பு அவ்வினாவின் பின்னே நிற்கின்றது. வீட்டைத் துறப்பேன் என முழங்கிய யால்மர் இறுதி அங்கத்திலே அவளிட்ட உணவை உண்டு, வெண்ணெயுங் கேட்கின்றான்.

அவ்வாறாயின் பொய்யே இல்லறத்திற்கு ஏற்றதா? நாடகத்தில் வரும் மருத்துவர் ரெலிங், சாதாரண மனிதர்க்கு வாழ்வதற்கு ஒரு பொய் இன்றியமையாதது என்கிறார். அவரையும் என்னால் ஏற்க முடியவில்லை. பிறர்க்கு எது நன்றென அவரும் தாமாகவே தீர்மானிக்கிறார். கிரெகர்ஸ் உண்மையை வழங்குகிறான், இவர் பொய்யை வழங்குகிறார், அவ்வளவே வேறுபாடு. இங்கே வேர்லேயும் சேர்பி அம்மையாரும் மனங்கொள்ளத்தக்கவர்கள். தத்தம் கடந்தகாலத்தை ஒருவர்க்கொருவர் தாமே கூறிய பின்னரே அவர்கள் மணவாழ்வில் இணைகின்றனர். கிரெகர்ஸ் தேடிய மெய்யான திருமணம், அவன் வெறுத்த தந்தையிடமே அமைந்துவிடுகிறது! உண்மையை அங்கே சொன்னவர்கள் அதன் விளைவைத் தாமே சுமக்க இருந்தவர்கள் என்பதே காரணம்.

வள்ளுவர் வாய்மையைத் தீமை பயவாத சொல்லென வரையறுத்ததன் ஆழம் இவ்விடத்திலே புலனாகின்றது. வாய்மைக்கு உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு. கிரெகர்ஸ் தன் இலட்சியத்துக்காக எதையும் இழக்கவில்லை. விலையைச் செலுத்தியவள் ஒரு சிறுமி. சமுதாயத்தைத் திருத்த விழையும் பல்கலைக்கழகத்தாராகிய நாம் இக்கணக்கைப் பார்க்காது விடுதல் தகாது. நம் கொள்கையின் விலையைச் செலுத்துபவர் யார் என்ற வினாவை இந்நாடகம் எழுப்புகிறது. 299 இருக்கைகளே கொண்ட அச்சிறிய அரங்கில், மேடைக்கு அணித்தாக அமர்ந்திருந்தோர்க்குப் பரணிலிருந்து எழும் துப்பாக்கி ஒலி தம் வீட்டிற் கேட்டதாகவே தோன்றியிருத்தல் கூடும்.