ஆசிரியருக்கு என்ன தந்தோம்?

தமிழ் நமக்கு உயிர்; ஆங்கிலம் நமக்கு உலகத்தைக் காட்டும் சாளரம். மேடைதோறும் இதனை முழங்கினோம். முழங்கியதோடு நில்லாமல், 1968 சனவரி 23-ஆம் நாள், பேரறிஞர் அண்ணா முதல்வராக வீற்றிருந்த சட்டமன்றத்தில், நம் பள்ளிகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் போதும், இந்திக்கு இடமில்லை என்று தீர்மானமே நிறைவேற்றினோம். 1937-இல் மூண்ட போர் அது. நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர் துறந்த போர். 1965-இல் மாணவர் குருதி சிந்திய போர். அந்தப் போரின் விளைச்சல்தான் இருமொழிக் கொள்கை.

விளைச்சல் வீடு வந்து சேர்ந்ததா? ஏழையின் அடுப்பில் உலை கொதித்ததா? இந்தக் கேள்வியைத்தான் நான் இங்கே எழுப்ப விரும்புகிறேன். ஆங்கிலம் வேண்டும் என்றோம். சரி. அதைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு என்ன தந்தோம்?

ஆங்கில ஆசிரியனாக வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்றவன் நான். இன்று வானகரத்தில் குடியிருக்கிறேன். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையும் அம்பத்தூர்ச் சாலையும் கூடுமிடம் எங்கள் ஊர். வடக்கே, 1964-இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டை. கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் 1998 முதல் அங்கே கார் செய்கிறது. உலகம் எங்கள் தெரு வழியே நாள்தோறும் லாரியேறிப் போகிறது. ஆனால் தெருவோரத்துக் குழந்தைக்கும் அந்த உலகத்துக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. அந்தச் சுவரின் பெயர் ஆங்கிலம்.

எங்கள் ஊர் மீன் சந்தையில் கூடை சுமக்கும் தாய் ஒருவர், ஆறாம் வகுப்புப் படிக்கும் தம் மகனை ஒருநாள் மாலை என்னிடம் அழைத்து வந்தார்.

“சார், இவனுக்கு நாக்கு தடிப்பு. ‘பிஷ்ஷு’ன்னுதான் சொல்றான், கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்களாம். வசம்பு தேய்ச்சுப் பார்த்துட்டேன், கோயில்ல வேண்டிக்கிட்டும் பார்த்துட்டேன். தலையெழுத்து போல.”

“தலையிலும் ஒன்றும் எழுதவில்லை அம்மா, நாக்கிலும் குறையில்லை. அவன் தமிழ்ப் பிள்ளை, தமிழ் இலக்கணப்படி பேசுகிறான்” என்றேன்.

அவர் வியந்து பார்த்தார். தோழர்களே, நீங்களும் வியக்கலாம். ஆனால் உண்மை அதுதான். தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை. மெய்யெழுத்துத் தனித்து நின்று மொழிக்கு முதலாவதும் இல்லை. ஆகவேதான் நம் பிள்ளையின் நா, ‘புக்’கைப் ‘புக்கு’ என்றும், ‘பஸ்’ஸைப் ‘பஸ்ஸு’ என்றும் உகரம் கூட்டி முடிக்கிறது. ‘ஸ்கூல்’ முன்னே ஓர் இகரத்தை நிறுத்தி ‘இஸ்கூல்’ ஆக்குகிறது. ‘ஃபிஷ்’ என்பதிலுள்ள முதல் ஒலி தமிழில் இல்லை. ஆகவே அண்டை வீட்டுப் பகரத்தை அழைத்து அந்த இடத்தில் அமர்த்துகிறது. இது மடமையா? விதியா? இல்லை, ஒரு மொழியின் ஒழுங்கு இன்னொரு மொழியின் ஒழுங்கோடு மோதும் ஓசை. காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும்.

மருந்து எங்கே இருக்கிறது? தொல்காப்பியத்தில் இருக்கிறது! எழுத்ததிகாரத்துப் பிறப்பியல், வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது என்று கூறுகிறது. அந்தச் சிறுவனிடம், “தம்பி, ‘வ’ என்று சொல்ல வாயை வை. சொல்லாதே, காற்றை மட்டும் ஊது” என்றேன். ஊதினான். வந்துவிட்டது அந்த ஒலி! “சத்தம் போடுபவனை எப்படி அடக்குவாய்?” என்றேன். “உஷ்!” என்றான். “அதில் கடைசியில் ‘உ’ இருக்கிறதா?” இல்லை என்று தலையாட்டினான். “அப்படியே நிறுத்து” என்றேன். கால் மணி நேரம்; வசம்பு வேண்டியிருக்கவில்லை, வேண்டுதலும் வேண்டியிருக்கவில்லை. பழந்தமிழ் இலக்கணமே ஆங்கில வகுப்பின் கருவியாயிற்று.

இந்தச் சிறு வித்தையை எந்தப் பயிற்சி முகாமும் எனக்குக் கற்றுத் தரவில்லை. பயிற்சி முகாம்கள் எப்படி நடந்தன? ஒன்றைச் சொல்கிறேன், எங்கே, யார் நடத்தியது என்பது தேவையில்லை. காலை முதல் மாலைவரை திரையில் எழுத்துகள் ஓடின. ஒருவர் அவற்றைப் படித்தார், நாங்கள் கேட்டோம். கற்பித்தல் பற்றிப் பேசிய அந்த மண்டபத்தில் ஒரு குழந்தைகூட இல்லை. ஒரு பாடமேனும் நடத்திக் காட்டப்படவில்லை. வருகைப் பதிவேடு மட்டும் தவறாமல் வந்தது. வெளியே வருகையில் இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னார்: “நீச்சல் கத்துக்க வந்தோம் சார், தண்ணியோட படத்தைக் காட்டி அனுப்பிட்டாங்க.”

இந்த நோய் இன்று பிறந்ததன்று. 1950-களின் இறுதியில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, சென்னை மாநிலத்தில் ஒரு பெரு முயற்சி நடந்தது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிப்பது என்று திட்டமிட்டார்கள். முதலில் ஒரு சிலருக்குப் பயிற்சி. அவர்கள் பலருக்குத் தருவார்கள். அந்தப் பலர் ஆயிரக்கணக்கானோர்க்குத் தருவார்கள். உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து என்று அதற்குப் பெயரிட்டார்கள். நோக்கம் உயர்ந்தது; அத்தனை பெரிய தொகையினரை எட்ட எண்ணிய துணிவும் போற்றத்தக்கது. ஆயினும் நம் நாட்டு வெயிலில் பனிப்பந்து உருண்டால் பெருக்குமா, கரையுமா? முதற்படியில் ஏன், எதற்கு, எப்படி என்ற விளக்கமாக இருந்தது, அடுத்த படியில் இப்படிச் செய் என்ற கட்டளையாகிறது. அதற்கும் அடுத்த படியில் வெறும் சடங்காகிறது. காரணம் வழியிலேயே உதிர்ந்துவிட, காரியம் மட்டும் கடைசி ஆசிரியரை அடைகிறது. காரணம் கேளாது செய்யும் காரியத்திற்கு நம் அகராதியில் என்ன பெயர் என்பதைப் பகுத்தறிவாளர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபது ஆண்டுகள் உருண்டோடியும், மேலிருந்து கீழே ஊற்றும் அந்த முறைதான் நம் பயிற்சிகளில் இன்னமும் பெரும்பாலும் ஆட்சி செய்கிறது.

“ஏழை நாடு, இவ்வளவுதான் இயலும்” என்பார் உண்டு. அவர்களை நான் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் அழைத்துச் செல்கிறேன்.

1812-ஆம் ஆண்டு. கிழக்கிந்தியக் கும்பினியின் இளம் வெள்ளை அதிகாரிகள் கப்பலிலிருந்து இறங்குகிறார்கள். வரி தண்ட வேண்டும், வழக்குக் கேட்க வேண்டும். தமிழ் தெரியாது, தெலுங்கு தெரியாது. என்ன செய்தார்கள் ஆள வந்தவர்கள்? எல்லிசு என்னும் அறிஞரின் முயற்சியால், புனித சார்சுக் கோட்டைக் கல்லூரியை நிறுவினார்கள். சம்பளம் கொடுத்துத் தமிழ்ப் புலவர்களை அமர்த்தினார்கள். ஆசிரியர்களுக்கே அங்கே பயிற்சியளித்தார்கள். நூலகம் அமைத்தார்கள், அச்சகம் வைத்தார்கள், இலக்கணமும் அகராதியும் அச்சேற்றினார்கள், வீரமாமுனிவரின் நூல்களைத் தேடியெடுத்துப் பதிப்பித்தார்கள். மாணாக்கர்க்குத் தேர்வு வைத்துப் பரிசும் தந்தார்கள். வேற்றுமொழி கற்பிப்பதென்றால் எவையெவை வேண்டுமோ அவையனைத்தும் அங்கே இருந்தன. ஏன்? கற்க வேண்டியவன் ஆள்பவன்!

அந்தக் கல்லூரி நமக்கும் ஒரு நன்மை செய்தது. தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும் அருகருகே வைத்துக் கற்பிக்க முற்பட்டபோது, இவை வடமொழியின் வழிவந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்ற உண்மை புலப்பட்டது. 1816-இல், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைப் பகுதியில் எல்லிசு அதனை நிறுவிக் காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856-க்கு நாற்பது ஆண்டுகள் முன்னர்! திராவிட மொழிக் குடும்பம் என்னும் பேருண்மை, ஒரு மொழிப் பயிற்சிக் கூடத்தில், ஆசிரியரும் மாணவரும் கருவி நூல்களும் கூடிய இடத்தில் துலங்கியது. நல்ல வகுப்பறை என்பது இருக்கும் அறிவைப் பங்கிடும் இடம் மட்டுமன்று, இல்லாத அறிவைப் பிறப்பிக்கும் இடமும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அக்கல்லூரி பின்னாளில் இயங்கிய இடம் நுங்கம்பாக்கம். அதனாலேயே அங்குள்ள சாலைக்குக் கல்லூரிச் சாலை என்று பெயர். அந்த வளாகத்தில்தான் இன்று நம் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கின்றன. 2022-இல் அதற்குப் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் சூட்டப்பட்டது. வெள்ளை அதிகாரிக்குத் தமிழ் கற்பிக்க அந்த மண்ணில் கொட்டிக் கொடுத்த கருவிகளில் பாதியையேனும், மீன் கூடை சுமப்பவரின் மகனுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தரலாகாதா?

எதைத் தர வேண்டும் என்று கேட்பீர்கள். மாளிகை கேட்கவில்லை. மாயப் பெட்டிகளும் கேட்கவில்லை.

முதலாவது, காரணம் தெரிந்த ஆசிரியர். தமிழ் இலக்கணத்தையும் ஆங்கில இலக்கணத்தையும் எதிரெதிரே நிறுத்திக் காணும் பயிற்சி வேண்டும். ‘அவர் ஆசிரியர்’ என்று தமிழில் இரண்டே சொற்களில் முடிகிறது. ஆங்கிலத்தில் ‘ஈஸ்’ என்றொரு சொல்லும் ‘எ’ என்றொரு சொல்லும் இடையே புகுந்தாக வேண்டும். ‘வந்தானா?’ என்று ஈற்றில் ஓர் ஆகாரத்தை ஏற்றினால் நமக்கு வினா. ஆங்கிலத்தில் சொற்கள் இடம் மாற வேண்டும். பிள்ளை எந்த இடத்தில் இடறுவான் என்பது முன்கூட்டியே தெரிந்தால், இடறிய பின் அடிக்கும் கை, இடறுமுன் தாங்கும் கையாக மாறும்.

இரண்டாவது, கைக்கெட்டும் கருவிகள். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று உலக மொழியாசிரியர்கள் அதனை அறிவர். இலக்கண விதியை ஒப்பிக்கச் செய்யாமல், ரயில் கால அட்டவணை, நிலப்படம் போன்றவற்றைக் கொடுத்து, எந்த வண்டியில் ஏறினால் எப்போது சேரலாம் என்று மாணவரைக் கணக்கிடச் செய்தார். மனம் விடையைத் தேடுகையில் மொழி தானே வந்து படியும் என்பது அவர் கொள்கை. இதற்கு என்ன செலவு? வானகரத்தில் பேருந்து அட்டவணை இல்லையா? மீன் சந்தையின் விலைப்பட்டியல் இல்லையா? பெட்டியின் மேல் ஒட்டிய ஆங்கிலச் சீட்டு இல்லையா? அன்று மாலை வந்த சிறுவனிடம் ஒரு கற்பனை விலைப்பட்டியலைக் கொடுத்து, இருநூறு ரூபாய்க்கு எந்த மீனை எவ்வளவு வாங்கலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் அன்னையே அருகிலிருந்து திருத்தினார், விலையை!

மூன்றாவது, ஆசிரியருக்கு ஆசிரியர் துணை. அண்டைப் பள்ளி ஆசிரியர் பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடட்டும். ஒருவர் பாடம் நடத்த, ஒன்பது பேர் பின்வரிசையில் அமர்ந்து காணட்டும். குற்றம் காணும் மேலதிகாரியின் கண் வேண்டா. கற்றுக்கொள்ளும் தோழரின் கண் போதும். அவர்கள் கையில் ஒரு நல்ல அகராதி, ஒலிப்பதிவுகள், குழந்தைகள் படிக்கும் எளிய கதை நூல்கள் ஐம்பது, இவற்றோடு வேறு வேலை சுமத்தாத இரண்டு மணி நேரமும் இருக்கட்டும்.

கேட்பது இவ்வளவே. இதற்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்திலும் கை வைத்தார்கள். பி.எம்.ஸ்ரீ திட்டத்திலும் அதனோடு பிணைத்த தேசியக் கல்விக் கொள்கையிலும் தமிழ்நாடு கையொப்பமிட மறுத்ததற்காக, 2024–25-ஆம் ஆண்டுக்குரிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. ஆசிரியர் பயிற்சியும் அந்த நிதியில் அடங்கும். மூன்றாம் மொழியைச் சுமத்த முனைவோர், இரண்டாம் மொழியைச் செம்மையாகக் கற்பிக்கும் வாய்ப்பையும் பறிக்கத் துணிந்தனர். எதிர்த்து நின்றோம், நிற்க வேண்டியதே. ஆனால் எதிர்ப்பு ஒரு கையின் வேலை. மறு கை என்ன செய்கிறது?

“தமிழ்ப் பற்றுள்ளவன் ஆங்கில வகுப்புக்காக ஏன் வாதாடுகிறான்?” என்று கேட்போரும் உண்டு. ஆங்கிலம் பயிலுங்கள் என்று பெரியார் பலகாலும் வற்புறுத்தினார். அதே பெரியார் 1935-இல் தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தையும் நடைமுறைப்படுத்தினார். 1978-இல் அரசு அதனை ஏற்றது. இரண்டிலும் அவர் கண்டது ஒன்றே: கற்பவனின் சுமை குறைய வேண்டும். கற்பிக்கும் முறை கடவுள் வாக்கன்று, பயன்படாவிட்டால் மாற்றலாம். தாய்மொழியின் தோளில் ஏறி நின்று பிறமொழியை எட்டிப் பிடிப்பவன் தாய்மொழியை மறப்பதில்லை. அதன் உயரத்தை அன்றுதான் உணர்கிறான்.

“ஆங்கிலவழிப் பள்ளியில் பணம் கட்டினால் தீர்ந்தது” என்று விளம்பரப் பலகைகள் கூறுகின்றன. பணம் கட்ட இயலாதவன் பிள்ளை? ஆங்கிலம் பிறப்பால் வரும் சொத்தாகுமானால், வடமொழி ஒரு காலத்தில் கட்டிய அதே மதிலை நாம் வேறு கல்லால் கட்டுகிறோம் என்று பொருள். அக்கிரகாரத்து வேதம் போனது, அடுக்குமாடி வீட்டு ஆங்கிலம் வந்தது என்றால், நாம் சாதித்தது என்ன?

இளைஞர்களே! கொடி பிடிக்கத் தெரிந்த உங்கள் கைகள் சுண்ணக்கட்டியும் பிடிக்கட்டும். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வாரம் இரு மாலை ஒதுக்குங்கள். பக்கத்துப் பள்ளியின் ஆங்கில ஆசிரியரைத் தேடிச் சென்று, “ஐயா, உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். அப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் ஆசிரியர்கள் பலர். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, தர முடிந்ததைத் தாருங்கள்; முடியாததைத் தரவேண்டியவர்களிடம் போராடிப் பெறுங்கள். மொழிக்காகச் சிறை புகுந்த இயக்கத்திற்கு, மொழி கற்பிப்பவருக்காக ஒரு மனு எழுதுவது பெரிதா?