சி7

எங்கள் ஆச்சி நாகர்கோவில்காரி. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த பிறகு, அவள் அம்மா மாதம் தவறாமல் கடிதம் போடுவாளாம். உறைமேல் திருவிதாங்கூர் சங்கு ஸ்டாம்ப் இருக்குமாம். சங்குக் கிட்டங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தாத்தா அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்து ஆல்பத்தில் ஒட்டினாராம். பகலெல்லாம் சங்கை எண்ணிவிட்டு வருகிற மனுஷனுக்கு ராத்திரியும் சங்குதான் என்று ஆச்சி கேலி செய்வாளாம். வீட்டில் விசேஷம் என்றால் இந்தக் கதை பந்திக்கு முன்னாலேயே வந்துவிடும்.

ஆல்பம் இப்போது என்னிடம் இருக்கிறது. கறுப்புக் காகிதம், ஓரமெல்லாம் செல்லரித்தது. என்னை அரித்தது படங்கள் இல்லை, எண்கள். ஒவ்வொரு தபால்தலைக்கும் அடியில் பென்சிலில் ஒரு எண், மையில் இன்னொன்று. சங்குப் பக்கத்தில் மட்டும் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அதையும் அடித்து மூன்றாவதாக ஒன்று. 1948-இல் வந்த ஏர் இந்தியா விமான ஸ்டாம்புக்குக் கீழே மையில் ஆங்கில 'சி', பக்கத்தில் ஏழு.

மாமாவிடம் கேட்டேன். "அது கிட்டங்கி லாட் நம்பர்ல. சி-ன்னா சிலோன். சிலோனுக்குப் போன ஏழாவது லாட்."

இதுதான் எனக்கு உறுத்தியது. இந்தக் கரையில் முக்குளித்து எடுத்த சங்கு வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போனது ஊரறிந்த விஷயம். அதைக் கொழும்புக்கு ஏற்றுவானேன்? அப்படியே ஏற்றினாலும் அந்தக் கணக்கை விமானப் படத்துக்குக் கீழேயா எழுதுவார் ஒரு கணக்குப்பிள்ளை?

மட்டக்கடைப் பக்கம் பழைய ஸ்டாம்ப் சேகரிப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எண்பதைத் தாண்டியவர். ஆல்பத்தைத் திறக்கவே விடவில்லை.

"நம்பர் இருக்குங்கீய. எந்தப் புக்கு நம்பர்?"

"தெரியாது அண்ணாச்சி."

"எந்த வருசத்துப் புக்கு?"

"அதும் தெரியாது."

"அப்பம் அது நம்பரே இல்ல தம்பி. கிறுக்கல். போயிட்டு வாங்க."

ரோஷம் வந்துவிட்டது. சென்னை மூர் மார்க்கெட்டில் அட்டை பிய்ந்த பழைய ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக் ஒன்றை வாங்கினேன். சங்குப் பக்கத்து எண்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். கடைசியாக எழுதியிருந்த எண்கள் ஒட்டின. அடித்த எண்கள் ஒட்டவில்லை. பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும் என்று அதற்குள் தெரிந்துவிட்டதால், இதைவிடப் பழைய பதிப்பு கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். இன்னொன்று வாங்கினேன். அப்புறம் இன்னொன்று. மூன்று மாதம், மூன்று கேட்டலாக், வீட்டில் வசவு. அடித்த எண்கள் எதிலும் சிக்கவில்லை.

மூன்று புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு மறுபடி மட்டக்கடைக்குப் போனேன். பையைப் பார்த்ததும் பெரியவர் முகம் கொஞ்சம் இளகியது. கடுங்காப்பி வந்தது. ஆல்பத்தை வாங்கி, சங்கை விட்டுவிட்டு, நேராக 1947-க்குப் புரட்டினார்.

சுதந்திர இந்தியாவின் முதல் மூன்று தலைகள். ஒன்றரை அணா அசோகச் சிங்கம், மூன்றரை அணா தேசியக் கொடி, பன்னிரண்டு அணா விமானம். பென்சிலில் 301, 302, 303. மையில் 200, 201, 202.

"பென்சில் கிப்பன்ஸ். மை அமெரிக்காக்காரன் ஸ்காட். இதுல முதல்ல வெளிவந்தது எது?"

"கொடி. 1947 நவம்பர் 21."

"மத்த ரெண்டும்?"

"டிசம்பர் 15."

"பெறவு கொடிக்கு ஏன் 302? ஸ்காட்லயும் ஏன் 201?"

விழித்தேன். பிறந்த தேதிப்படி பார்த்தால் கொடிதான் மூத்தது. கேட்டலாக்காரர்கள் மூன்றையும் ஒரே தொகுப்பாகக் கட்டி, விலைப்படி நிற்க வைத்துவிட்டார்கள். ஒன்றரை அணா முன்னால், மூன்றரை அணா அதற்குப் பின்னால். நாட்டின் முதல் தலைக்கு இரண்டாம் இடம். எனக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை. ஆனால் 1865-இலிருந்து கிப்பன்ஸும் 1868-இலிருந்து ஸ்காட்டும் புத்தகம் போடுகிறார்கள், நம்மைக் கேட்டா எண் போடப்போகிறார்கள்?

அடுத்த வரிசைக்கு அவர் விரல் நகர்ந்தது. ஏர் இந்தியா விமானம், பென்சிலில் 304. அதற்கடுத்து காந்தி நான்கு, 305 முதல் 308 வரை. மையில் காந்திக்கு 203 முதல் 206. நடுவில் விமானத்துக்கு மட்டும் சி7.

"கிப்பன்ஸ் எல்லாத்தையும் ஒரே வரிசையில நிறுத்துவான். ஸ்காட் ஏர்மெயிலைத் தனியாப் பிரிச்சு நாட்டோட கடைசியில வைப்பான். அதுக்கு 'சி'. இது ஏழாவது ஏர்மெயில். சிலோனும் இல்ல, சிப்பமும் இல்ல."

பிறகு தாத்தா மையில் எழுதியது யாருக்கு என்றும் அவரே சொன்னார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்களோடு கடிதம் மூலம் ஸ்டாம்ப் மாற்றிக்கொள்வார்கள். 'உன் 201-ஐ அனுப்பு, என்னிடம் இரண்டு சி7 இருக்கிறது' என்று எழுதினால் போதும். படத்தை வர்ணித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் இரண்டு பேரிடமும் ஒரே புத்தகம், கூடியவரை ஒரே பதிப்பு இருக்க வேண்டும். புதிதாக ஒரு ரகம் தெரியவந்தால் எண்ணுக்குப் பின்னால் ஏ, பி என்று வால் முளைக்கும். வால்கள் பெருகினால் ஒருநாள் அந்தப் பகுதியையே கலைத்து மறுபடி எண்ணுவார்கள். ஸ்காட் ஒவ்வொரு பதிப்பிலும் சேர்த்தது, நீக்கியது, மாற்றியது என்று ஒரு பட்டியலே போடுகிறது. பெரியவர் புத்தகம் வந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தானாம். 1972-இல் சிலோன் இலங்கை ஆனபோது எண் விட்ட இடத்திலிருந்தே ஓடியது, ஆனால் நாடு 'சி' தொகுதியிலிருந்து 'எஸ்' தொகுதிக்குக் குடிபோனது. கொழும்போடு கப்பல் தொடர்பு வைத்திருந்த ஊரில் அது பலருக்குத் தலைவலி என்றார். அதே வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி வந்த வ.உ.சி. ஸ்டாம்பைக் காட்டி, "இதுக்கு மட்டும் நான் நம்பர் எழுதுறதில்ல" என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. உலகத் தபால் ஒன்றியமும் ஸ்டாம்ப் வளர்ச்சிச் சங்கமும் சேர்ந்து 2002-இல் ஆரம்பித்த எண்முறையைப் பற்றி நான் எடுத்தேன். நாட்டுக்கு இரண்டு எழுத்து, அந்த வருஷத்து வரிசை எண், வருஷம், அவ்வளவுதான். "அதுல 2002-க்கு முந்தின ஸ்டாம்பு கிடையாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சங்குப் பக்கம் வந்தது. முதலில் நான் சொல்லியிருந்த குடும்பக் கதை விழுந்தது.

"ஆச்சி அம்மா லெட்டர் மேல இது ஒட்டி வந்துச்சா? யாரு சொன்னா? இது திருவிதாங்கூரோட தனி அஞ்சல் ஸ்டாம்பு. சமஸ்தானத்துக்குள்ளதான் செல்லும். தூத்துக்குடி வெள்ளக்காரன் சீமை. இங்க வாரதுக்கு வெள்ளக்கார ராசா தலைதான் ஒட்டணும்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. இவ்வளவு சுலபமான விஷயம் ஒரு கல்யாணப் பந்தியில்கூட யாருக்கும் தோன்றவில்லையே.

அடித்த எண்களைக் கேட்டேன். அவர் மூன்று கேட்டலாக்கையும் தள்ளி வைத்தார். ஒரு சக்கர நீலச் சங்கைக் குறடால் எடுத்து, கறுப்புத் தட்டில் முகம் கவிழ்த்துப் போட்டு, மேலே இரண்டு சொட்டுப் பெட்ரோல் விட்டார். 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அந்தச் சின்னக் காசுத் தலையின் முதுகு நனைந்து இருண்டது. காகிதத்துக்குள்ளிருந்து ஒரு குட்டிச் சங்கு எழும்பி வந்தது. மூச்சுவிட மறந்தேன். பெட்ரோல் உலர்ந்ததும் மறைந்துவிட்டது. இன்னொரு முறை விடச் சொன்னேன். விட்டார்.

1888-இல் வந்த முதல் தலைகள் வரிக்காகிதத்தில் அச்சானவை. அடுத்த வருஷத்திலிருந்து சங்கு வாட்டர்மார்க் காகிதம். அந்த வாட்டர்மார்க் சங்கும் காலப்போக்கில் வடிவம் மாறியது. கேட்டலாக்கில் அவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயர். மேலே அதே நீலம், அதே ஒரு சக்கரம். முதுகுச் சங்கு மாறினால் எண் மாறும். ஆகவே கிப்பன்ஸ் எண்ணை மாற்றவில்லை. தாத்தா முதலில் முகத்தைப் பார்த்து எழுதினார், பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடித்தார், அப்புறம் யாரோ பெட்ரோல் வித்தையைச் சொல்லிக்கொடுத்து மறுபடி அடித்தார். நான் மூன்று மாதம் பதிப்புகளைத் துரத்தியது வீண்.

"உங்க தாத்தா கணக்குப்பிள்ளைன்னீயளே, சரிதான்" என்றார் பெரியவர். சங்கிலும் இதே கூத்து உண்டாம். ஊரில் நாம் இடம்புரி என்று ஒதுக்குவதை விஞ்ஞானிகள் வலப்பக்கம் சுழல்வது என்று எழுதுகிறார்கள். அவர்கள் கூர்முனையை மேலே பிடிக்கிறார்கள், நாம் கீழே பிடிக்கிறோம். சங்கு ஒன்றுதான்.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. உறைமேல் வரவில்லை என்றால் இத்தனை சங்கும் எப்படி வந்தது? தலைகளெல்லாம் முத்திரை விழுந்தவை, சமஸ்தானத்துக்குள் கடிதத்தில் ஓடியவை. ராத்திரி மாமாவுக்குப் போன் போட்டேன். கிட்டங்கிக் கதை போனதில் அவருக்கு வருத்தம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"லெட்டரைப் பிரிச்சா உள்ள இருந்து துண்டு துண்டாப் பேப்பர் விழும்ல. பழைய கவர் மூலைய வெட்டிப் போட்டிருக்கும். குப்பைன்னு நாங்க பெருக்கப் போனா உங்க தாத்தா அடிக்க வருவாவ."

தன் வீட்டுப் பழங்கடிதக் கட்டிலிருந்து மருமகனுக்காக மூலை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள் அந்த நாகர்கோவில் கிழவி. அவள் பெயர்கூட மாமாவுக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

போனை வைக்கும் முன், "ஆனா அந்த சி, சிலோன்தான்ல" என்றார்.