சிவப்புப் புள்ளிக்கு எடுத்து வைத்த பலாப்பழப் பணம்

"ஏன் கண்ணு, இதுல ஃபோர்சைட்டே தெரிய மாட்டேங்குது?"

ஜமுனாமரத்தூரை ஒட்டிய ஒரு மலைக் கிராமம். குண்டு போடாத காற்றுத் துப்பாக்கியை வீட்டுச் சுவரைப் பார்த்து நீட்டியபடி அப்பா கேட்டார். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர். இப்போது வயது ஐம்பத்திரண்டு. சாமை விதைக்கிறார், பலாப்பழம் விற்கிறார்.

மகள் வேலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அங்கே ஒரு கிளப்பில் ஏழு மாதங்களாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். அடுத்த மாதம் அணித் தேர்வு. ஒரு குண்டு பத்தில் விழுந்தால் அடுத்தது ஆறில் விழுகிறது. போனில் அழுதுவிட்டாள்.

இந்த மலையில் துப்பாக்கி என்றாலே வீட்டுப் பெண்கள் பதறுவார்கள். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுங்கள் என்று காவல்துறை அவ்வப்போது ஊர் ஊராகச் சொல்லும். தாத்தா வைத்திருந்ததும் அப்படித்தான் போனது. மகள் கையில் இருப்பது 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி, 20 ஜூலுக்கு உட்பட்டது, உரிமம் வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும், அம்மா அதைத் துணி சுற்றித்தான் வைக்கிறார்.

அப்பா இதற்கெல்லாம் அசரவில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். பிஸ்டலின் மேல் சின்னக் கண்ணாடி, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. "புள்ளிய வெச்சு அழுத்துனா வேலை முடிஞ்சுது. வாங்கிடலாம் கண்ணு." பலாப்பழம் விற்ற பணம் அரிசி டிரம்மில் தயாராக இருந்தது.

அவர் சொன்னதில் தப்பில்லை. சாதாரண பிஸ்டலில் பின்னால் ஒரு காடி, முன்னால் ஒரு முனை. காடிக்கு நடுவே முனையை நிறுத்தி, அதை இலக்கோடு சேர்க்க வேண்டும். மூன்று பொருள், மூன்று தூரம். மனிதக் கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். சிவப்புப் புள்ளியில் அந்தச் சண்டை இல்லை. சிறு விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது, புள்ளி வெகுதூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். இலக்கைப் பார்த்தாலே போதும்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் துப்பாக்கிக்காரர் இல்லை. தொலைநோக்கி செய்கிறவர். அயர்லாந்தின் ஹோவர்ட் கிரப், 1900-ல் காப்புரிமை வாங்கினார். இன்று வானம் பார்க்கிறவர்கள் சிறிய தொலைநோக்கியை நட்சத்திரத்தின் பக்கம் திருப்ப இதே சிவப்புப் புள்ளியைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதே மலையில்தான் காவலூர் வானாய்வகமும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இருக்கின்றன. பள்ளிச் சுற்றுலாவில் அவள் பார்த்ததுதான்.

ஆனாலும் மகள் வேண்டாம் என்றாள். "போட்டியில இத மாட்டவே விடமாட்டாங்கப்பா."

உண்மை. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் விதிப்படி, ஏர் பிஸ்டலில் திறந்த குறிகள் மட்டும்தான். லென்ஸ், லேசர், ஒளிப்புள்ளி எதற்கும் இடமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும், பாக்கெட்டில் கை விட்டபடி சுட்டு உலகம் முழுக்கப் பேசப்பட்ட துருக்கியின் யூசுப் டிகேச் வெள்ளி வென்றதும் அந்தக் காடியும் முனையும் வைத்துத்தான். வேறு வகைப் போட்டிகளில் புள்ளிக்கு இடம் உண்டு. தற்காப்புக்கென்று பழகுகிற நாடுகளில் அதிலேயே தொடங்குகிறவர்களும் உண்டு. ஆனால், இவளுடைய தேர்வுக்கு அது உதவாது.

அப்படியானால் குண்டு ஏன் சிதறுகிறது? ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். காடிக்கும் முனைக்கும் இடையே 32 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முனை ஒரு மில்லிமீட்டர் விலகினாலே 10 மீட்டரில் குண்டு 31 மி.மீ. தள்ளிப் போகும். இலக்கின் கறுப்பு வட்டமே 59.5 மி.மீ. அகலம்தான். அதாவது, மையத்துக்குப் போக வேண்டியது கறுப்புக்கே வெளியே போய்விடும். பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மி.மீ., சட்டைப் பொத்தான் அளவு.

"நீ எதப் பாத்துச் சுடற?" என்றார் அப்பா.

"கறுப்பத்தான்."

"அட, அதான்! கறுப்பு மங்கலாத் தெரியட்டும். ஃபோர்சைட் முனைதான் கத்தி மாதிரி தெரியணும். எங்க ஹவில்தார் இத நூறு தடவ கத்தியிருப்பாரு."

அப்போதுதான் அவருக்கும் ஒன்று உறைத்தது. முனை மங்குவது துப்பாக்கியின் கோளாறு அல்ல. ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்குக் கை நீளத் தூரமே கலங்கும். தன் கண்ணுக்குத்தான் அவர் சிவப்புப் புள்ளி தேடியிருக்கிறார். மகள் கண்ணுக்கு அல்ல.

மறுநாள் காலையில் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் பயிற்சி. இலக்கு கிடையாது, குண்டு கிடையாது. கையைத் தூக்கி, காடிக்கு நடுவே முனையை நிறுத்தி, இருபக்கமும் வெளிச்சம் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, விசையை மெதுவாக அழுத்த வேண்டும். நாற்பது முறை. இதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. "கை நடுங்குதுப்பா" என்றாள். "நடுங்கட்டும், எல்லாருக்கும் நடுங்கும். முனை காடிய விட்டு விலகாமப் பாத்துக்கோ" என்றார் திண்ணையிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் போளூர் பஸ் ஏறினார்கள். டிரம்மில் இருந்த பணத்தில் பாதி, பெல்லட் டப்பாக்கள் வாங்க மகளிடம் போனது. மீதியில் அப்பா கண்ணாடிக் கடையில் நின்று, சின்ன எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.